நனையட்டும், ஆனால் காய்ந்தாக வேண்டும்! - மழைக்காலத்தில் மரப் பரண் பராமரிப்பு

வெள்ளாடு வளர்க்கலாம் என்று முடிவெடுத்ததும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரகம் வாங்கலாம்?" அடுத்த கேள்வி, "தீவனத்துக்கு என்ன போடலாம்?" பரணைப் பற்றி விசாரிப்பவர்கள்கூட அதை எப்படிப் போடுவது, எவ்வளவு செலவாகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போட்ட பரணை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி தாண்டி எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், எங்கள் ஆரம்பாக்கம் பக்கம் ஒரு மரப் பரண் மூன்று வருஷம் நிற்குமா, எட்டு வருஷம் நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்த மூன்று மாதங்கள்தான்.

ஆரம்பாக்கம், சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று. தாண்டினால் ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். வடகிழக்குப் பருவமழை எங்களுக்கு மழையாக மட்டும் வருவதில்லை. ஏரிப் பக்கமிருந்து உப்புக் காற்றோடு, சாய்வாக அடித்துக்கொண்டு வரும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தபோது இந்தப் பகுதி முழுக்க நனைந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே நெல்லும், வரப்பில் மரங்களும், இருபது வெள்ளாடுகளுமாக இருக்கும் எனக்கு, ஒவ்வொரு பருவமழையும் அந்தப் பரணுக்கு வைக்கும் பரீட்சை.

பிளாஸ்டிக் தளம் கிடைக்கிறதே, மரம் எதற்கு என்று கேட்கலாம். வசதி இருப்பவர்கள் தாராளமாகப் போடட்டும். மரம் என்றால் நம் வரப்பிலேயே வளர்கிறது. உடைந்தால் உள்ளூர் ஆசாரி ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருகிறார். மக்கிப்போன துண்டு கடைசியில் நம் மண்ணுக்கே போகிறது. இயற்கை விவசாயிக்கு இந்தக் காரணங்கள் போதும். ஆனால் மரம் வைத்தவன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்தைக் கொல்வது மழை அல்ல

எங்கள் ஊர் ஆசாரி ஒருமுறை சொன்னார்: "சார், மரம் தண்ணியில சாவறதில்ல. பாதி ஈரத்துலதான் சாவுது." கேட்கும்போது விளையாட்டாகப் பட்டது. யோசித்தால் அதில் அறிவியல் முழுவதும் இருக்கிறது.

கிணற்றடியில் போடும் நெல்லிக்கட்டையை நினைத்துப் பாருங்கள். பல தலைமுறை தண்ணீருக்குள் கிடந்தும் கெடுவதில்லை. வீட்டு உத்தரத்தில் காய்ந்து கிடக்கும் மரமும் கெடுவதில்லை. ஆனால் வேலிக்கு நட்ட மரக்கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், ஆழத்தில் புதைந்த பகுதியும் ஓரளவு நன்றாக இருக்கும், தரைமட்டத்தில் மட்டும் இற்றுப்போய் ஒடியும். ஏனென்றால், மரத்தை மக்கச் செய்வது ஒரு வகைப் பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். கிணற்றுக்குள் காற்று போதாது. உத்தரத்தில் ஈரம் இல்லை. தரைமட்டத்தில் இரண்டும் இருக்கிறது.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை இந்தப் பூஞ்சையால் வளர முடியாது. 30 சதவீதத்தை நெருங்கி, அங்கேயே நாள்கணக்கில் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே, ராத்திரி மழையில் நனைந்த பலகை மறுநாள் காற்றில் காய்ந்துவிட்டால் பெரிய பாதகம் இல்லை. ஒரு வாரம் காயாமல் இருந்தால்தான் ஆபத்து. மழைக்காலப் பராமரிப்பு என்பது மரம் நனையாமல் காப்பது அல்ல, நனைந்த மரத்தைக் காய வைப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பலகையும் பலகையும் தொடும் இடம்

பரணில் எந்த இடம் முதலில் போகும்? வெயிலும் மழையும் நேராகப் படும் ரீப்பரின் நடுப்பகுதி அல்ல. அது சீக்கிரம் காய்ந்துவிடும். நான்கு இடங்களைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ரீப்பர் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும் இடம். மரத்தின் மேல் மரம் படுத்திருக்கும் இடுக்கில் தண்ணீரும் ஆட்டு மூத்திரமும் இறங்கினால் வெளியே வர வழியில்லை. மேலிருந்து பார்த்தால் தளம் நன்றாகத் தெரியும். அடியில் சட்டத்தின் மேல்முகம் சேறு மாதிரி ஆகியிருக்கும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய லாரி டியூபைச் சட்டத்தின் அகலத்தைவிட விரற்கடை கூடுதலாகப் பட்டை பட்டையாக வெட்டி, சட்டத்தின் மேல் போர்த்திவிட்டு, அதன் மேல் ரீப்பரை அடியுங்கள். இறங்கும் தண்ணீர் டியூபின் ஓரம் வழியாகச் சொட்டிவிடும். ரீப்பர் தேய்ந்தாலும் சட்டம் தப்பிக்கும். ரீப்பர் மாற்றுவது அரை நாள் வேலை, சட்டம் மாற்றுவது பரணையே பிரிக்கும் வேலை.

இரண்டாவது, மரத்தின் அறுத்த முனை. மரம் என்பது நீளவாட்டில் மெல்லிய குழாய்களை அடுக்கிவைத்த கட்டு. பக்கவாட்டில் மெதுவாகத் தண்ணீர் குடிக்கும் மரம், முனை வழியாகப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். எனவே எண்ணெய் பூசும்போது முனைகளுக்கு ஒரு கை அதிகமாகக் கொடுங்கள். குடிக்கும்வரை குடிக்கட்டும். பிறகு தேன்மெழுகை எண்ணெயோடு உருக்கி முனையில் அப்பிவிடலாம்.

மூன்றாவது, ஆணி இறங்கிய ஓட்டை. உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் சாதாரண இரும்பு ஆணி இரண்டு மழையிலேயே துருப்பிடிக்கும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால், துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து அந்த இடத்தைப் பலவீனமாக்குகின்றன என்று பொருள். கால்வனைஸ் செய்த ஸ்குரூ ஆணி போடுங்கள். முடிந்தால் துருப்பிடிக்காத எஃகு ஆணி இன்னும் நல்லது. ஸ்குரூ என்றால் கழற்றிக் காய வைக்கவும் முடியும்.

நான்காவது, தூணின் கால். மரத் தூணை மண்ணுக்குள் புதைக்கவே கூடாது. வேலிக்கு நடும் கருங்கல் தூணோ, காங்கிரீட் பீடமோ தரையிலிருந்து ஓரடி உயர்ந்து நிற்க, அதன் மேல் மரம் உட்கார வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் கல் பீடத்தின் மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் அல்ல. நார்வே நாட்டில் 12-ம் நூற்றாண்டில் கட்டிய மரத் தேவாலயங்கள் சில இன்றும் நிற்கின்றன. அதற்கு முன் தூண்களை மண்ணில் நட்டுக் கட்டியவை இற்றுப்போயின. கல் அடித்தளத்தின் மேல் மரச் சட்டம் வைத்து, அதன் மேல் தூணை நிறுத்தியவைதான் பிழைத்தன. பனியும் மழையும் மாறி மாறிப் பெய்யும் அந்த ஊரில் 800 வருஷம் நின்றிருக்கிறது என்றால், நம் பரண் எட்டு வருஷம் நிற்காதா?

கல் கால் வைத்தால் கரையான் வராதா என்று கேட்பார்கள். வரும். கல்லின் மேல் மண்ணால் சுரங்கம் கட்டிக்கொண்டு ஏறும். ஆனால், புதைத்த மரத்தில் உள்ளுக்குள்ளேயே ஏறுவது நம் கண்ணுக்குத் தெரியாது. கல்லில் வெளிப்பக்கமாக ஏறித்தான் ஆக வேண்டும். வாரம் ஒருமுறை தூண்களைச் சுற்றி வந்தால் மண் கோடு தெரிந்துவிடும். துடைப்பத்தால் தட்டிவிட்டு, எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தூணை ஒட்டிக் குவிந்த எருவோ, மக்கிய கட்டையோதான் காரணமாக இருக்கும்.

இடைவெளி சுருங்கும் கதை

பரணில் ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவே ஏறக்குறைய அரை இஞ்ச் இடைவெளி விடுகிறோம். புழுக்கை விழ வேண்டும், குட்டியின் குளம்பு மாட்டக்கூடாது. கோடையில் அளந்து அடித்த இந்த இடைவெளி கார்த்திகையில் அப்படியே இருக்காது. மரம் ஈரம் குடித்தால் அகலவாட்டில் ஊதும். மூன்று இஞ்ச் அகல ரீப்பர் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை பெருக்கலாம். அரை இஞ்ச் என்பது 12 மில்லிமீட்டர்தான். அதில் 3 போனால் புழுக்கை சிக்க ஆரம்பிக்கும். சிக்கிய புழுக்கை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த ஈரம் மரத்தை இன்னும் ஊத வைக்கும். பத்து நாளில் இடைவெளி அடைத்து, தளம் முழுக்கச் சதசதவென்று ஆகிவிடும்.

இதன் விளைவை மரம் மட்டும் அனுபவிப்பதில்லை. ஈரத்தில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகல் வரும். குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். மூத்திர வாடை தேங்கினால் சளியும் நுரையீரல் நோயும் பின்னாலேயே வரும். எந்த நோய்களைத் தவிர்க்கப் பரண் போட்டோமோ, அந்த நோய்களை நாமே மேலே ஏற்றிவிடுகிறோம்.

ஆகவே மழை நாட்களில் தினமும் ஒரு வேலை கட்டாயம். ஆடுகள் வெளியே போனதும் ஈர்க்குமாறால் தளத்தைப் பெருக்கி, ஒவ்வொரு இடைவெளியிலும் தகட்டுத் துண்டையோ பழைய அரிவாள் முனையையோ ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும். இருபது ஆட்டுப் பரணுக்கு இருபது நிமிஷம் ஆகும். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பெருக்கியதே போதும். கழுவியே ஆக வேண்டும் என்றால், வெயில் இருக்கும் நாளில், காலை பத்து மணிக்குள் கழுவி முடியுங்கள். மாலைக்குள் காய அவகாசம் வேண்டும். வண்டி கழுவும் அழுத்தப் பம்பை வைத்து அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அழுக்கோடு மரத்தின் நாரையும் கிளப்பி, அடுத்த மழைக்குத் தண்ணீர் குடிக்க ஆயிரம் வாய் திறந்துவிடும்.

ஏறும் சாய்வுப் பலகையில் பச்சைப் பாசி பிடிக்கும். சினை ஆடு வழுக்கி விழுந்தால் இரண்டு உயிர் போகும். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, குறுக்கே மெல்லிய சட்டங்களை அரையடிக்கு ஒன்றாக அடித்துவிட்டால் கால் நிற்கும்.

காற்று வரும் திசை

மழை வந்தால் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம், தார்ப்பாய் வாங்கிப் பரணை நான்கு பக்கமும் பெட்டி மாதிரி மூடிவிடுவது. ஆட்டுக்குக் குளிருமே என்ற பாசம்தான் காரணம். ஆனால் உள்ளே இருபது ஆட்டின் மூச்சும் மூத்திரமும் ஆவியாகித் தங்கிவிடும். மழை உள்ளே வராமலேயே மரம் நனையும். விடியற்காலையில் தார்ப்பாயின் உட்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சொட்டச் சொட்டத் தண்ணீர் இருக்கும்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். அந்த இரண்டு பக்கம் கீற்றுத் தட்டியோ, தார்ப்பாயோ கட்டுங்கள். அதுவும் ஆட்டின் தலை உயரம் வரை போதும். கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். தெற்கும் மேற்கும் திறந்திருக்கட்டும். பரணின் அடிப்பகுதியை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். மரம் அடியிலிருந்துதான் காய்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு, புயல். புயல் நமக்கு வடக்கே போய்விட்டால் காற்று திசை மாறி மேற்கிலிருந்து அடிக்கும். அதற்காக மேற்குப் பக்கம் ஒரு தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தால் தேவைப்படும் நாளில் மட்டும் இறக்கிவிடலாம். கூரையின் தாழ்வாரம் சுவரைத் தாண்டி மூன்றடியாவது நீண்டிருந்தால் பாதி வேலை குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாரல் அடிக்கும்போது ஆடுகள் எல்லாம் நனையாத மூலைக்கு ஒதுங்கும். ஒரு வளர்ந்த ஆடு 25, 30 கிலோ. இருபது ஆடு என்றால் 500, 600 கிலோ, முழுவதும் ஒரே மூலையில். பரண் முழுக்கப் பரவ வேண்டிய எடை அந்த மூலையின் ஒரு சட்டத்தின் மேல், ஒரு தூணின் மேல் இறங்கும். அந்தச் சட்டம் அடியில் இற்றிருந்தால் என்ன ஆகும்? பக்கத்துக் கிராமத்தில் ஒரு தம்பி, சிப்காட் ஒப்பந்த வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கி ஆடு வளர்த்தார். ஒரு கார்த்திகை ராத்திரி அவருடைய பரணின் தென்மேற்கு மூலை அப்படியே இறங்கிவிட்டது. இரண்டு தாய் ஆடுகளுக்குக் கால் முறிவு, ஒரு சினை ஆடு குட்டி வீசியது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது உடைந்த சட்டத்தின் மேல்முகத்தில் விரலை வைத்தால் உள்ளே போனது. கீழ்முகம் வைரம் மாதிரி இருந்தது. பரணுக்கு அப்போது வயது மூன்று. கடனுக்கு இன்னும் இரண்டு வருஷத் தவணை பாக்கி.

வங்கிக்காரன் கணக்கு

கடன் மனுவில் ஆடு, தீவனம், இன்ஷூரன்ஸ், கொட்டகை எல்லாவற்றுக்கும் பத்தி இருக்கும். பரண் பராமரிப்புக்குப் பத்தி இருந்ததை நான் பார்த்த நினைவு இல்லை. தேசிய கால்நடை இயக்கத்தில் பெரிய பண்ணைகளுக்கு 50 சதவீத மூலதன மானியம் இருக்கிறது. மானியம் பரண் போடக் கிடைக்கும், காப்பாற்றக் கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது ஆட்டுப் பரணுக்கு ஒரு லட்சம் செலவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் போனால் தேய்மானம் வருஷத்துக்கு ரூ.33,333. எட்டு வருஷம் நின்றால் ரூ.12,500. வித்தியாசம் ரூ.20,833. ஆடு ஒன்றுக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். வாரத்துக்கு இரண்டு மணி நேர உழைப்புக்கும் சில லிட்டர் எண்ணெய்க்கும் கிடைக்கும் பலன் இது. இதற்கு வரியும் இல்லை.

வங்கியில் கையிருப்பு என்று ஒன்றை எப்போதும் வைப்போம். பரணுக்கும் அது வேண்டும். தளத்தை ஒரே துண்டாக அடிக்காமல், மூன்றடிக்கு நாலடி தட்டுகளாகச் செய்து சட்டத்தின் மேல் பொருத்துங்கள். கூடுதலாக இரண்டு தட்டு செய்து வையுங்கள். மழை விட்ட நாளில் ஈரமான இரண்டு தட்டைக் கழற்றி, செங்குத்தாகச் சாய்த்து வெயிலில் நிறுத்திவிட்டு, உதிரியைப் போட்டுவிடலாம். இப்படிச் சுழற்சி வைத்தால் பருவம் முடிவதற்குள் எல்லாத் தட்டும் இரண்டு முறையாவது முழுசாகக் காயும்.

எந்த மரம்?

ஒரே மரத்தில்கூட வைரம் பாய்ந்த உள்பகுதிக்கும் வெளுத்த வெளிப்பகுதிக்கும் ஆயுளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தேக்கானாலும் வெளிப்பகுதி சீக்கிரம் மக்கும். சட்டத்துக்கும் தூணுக்கும் கருவேலம், வேம்பு, பூவரசு ஆகியவற்றின் முற்றிய மரம் ஏற்றவை. பூவரசு தண்ணீரைத் தாங்கும் மரம், படகுக்கும் பயன்பட்டது. முற்றிய பனையின் வெளிச்சுற்று அருமையான ரீப்பர். ஆனால் அதற்காகப் பனையை வெட்டக்கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனை வெட்டுவதைத் தடுக்கும் அறிவிப்பு 2021 ஆகஸ்டில் வந்த வேளாண் பட்ஜெட்டிலேயே இருக்கிறது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் பனஞ்சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சவுக்கு நல்ல பலம் உள்ளது. ஆனால் ஈரத்தையும் கரையானையும் தாங்காது. ரீப்பராகப் போட்டு, அடிக்கடி மாற்றத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் அது.

சிப்காட் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு ஆசை வரும். தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வந்து இறங்கிய மரப் பேலட்டுகள் பழைய மரக்கடையில் குவிந்து கிடக்கும், விலையும் குறைவு. வாங்குமுன் பக்கவாட்டு முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் கோதுமைக் கதிர் படமும், நாட்டின் குறியும், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்தும் இருக்கும். 'எச்.டி' என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்துப் பூச்சியைக் கொன்றது. 'எம்.பி' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைத்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் உலக நாடுகள் விவசாயத்தில் கைவிட்ட வாயு அது. வாயு பறந்துபோயிருக்கும் என்று சொல்வார்கள். என் பரணில் அதற்கு இடமில்லை. முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ளதும் வேண்டாம்.

'எச்.டி' பேலட் வாங்கினாலும் ஒன்றை மறக்கக்கூடாது. சூடுபடுத்தியது வந்த பூச்சியைக் கொல்லத்தானே தவிர, இனி வரும் பூஞ்சையைத் தடுக்க அல்ல. பெரும்பாலும் அது பைன் மரம். நம் மழையில் மேலே திறந்து கிடந்தால் சீக்கிரம் போய்விடும். கூரைக்கு நடுவே, சாரல் படாத இடத்துக்கு மட்டும் போடுங்கள்.

என்ன பூசுவது, எதைப் பூசக்கூடாது

நெடுஞ்சாலை மெக்கானிக் கடையில் பழைய இன்ஜின் ஆயில் சும்மாவே கிடைக்கும். "அத பூசுங்க சார், கரையான் கிட்டவே வராது" என்பார்கள். கரையான் வராது என்பது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆடு நக்கும் பிராணி. பழைய ஆயிலையும் பேட்டரியையும் நக்கிக் கால்நடைகளுக்கு ஈய நஞ்சு ஏறுவது கால்நடை மருத்துவர்கள் அறிந்த விஷயம். சொட்டுவது கீழே உள்ள எருவில், எரு போவது நம் நெல்லுக்கு.

மருந்தேற்றிய பச்சை நிற மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோன்டி காமேசம், 1933-ல். உலகம் முழுக்க மின்கம்பங்களும் வீட்டுத் தளங்களும் அந்த மருந்தில் பல ஆண்டுகள் நின்றன. ஆனால் ஆர்செனிக் கசிகிறது என்ற கவலையில், 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டுத் தளங்களுக்கு அதை விட்டுவிட்டார்கள். அந்த நாட்டின் இயற்கை வேளாண் சான்று விதிகளில், மண்ணும் கால்நடையும் தொடும் இடத்தில் ஆர்செனிக் ஏற்றிய மரத்தைப் புதிதாகப் போடக்கூடாது என்றே இருக்கிறது. சான்று வாங்காதவர்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்பது என் கருத்து. பரணுக்குக் கீழே விழுவது நம் உரம்.

எதைப் பூசலாம்? புங்க எண்ணெயும் வேப்பெண்ணெயும் சரிபாதி கலந்து பூசுவது என் வழக்கம். பூச்சிகளை ஓரளவு விலக்கும், தண்ணீரையும் ஓரளவு தள்ளும். ஆனால் இவை உலர்ந்து படலமாக மாறும் எண்ணெய் அல்ல. மழையில் மெல்லக் கரைந்துபோகும். வருஷத்துக்கு இரண்டு முறை பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து இறுகும். ஆனால் ஈரமான இடத்தில் அதன் மேலேயே பூசணம் பிடிக்கும். கடையில் 'காய்ச்சிய' என்று விற்பதில் உலோக உப்பு சேர்த்திருப்பார்கள் என்பதால், ஆடு தொடும் இடத்துக்கு வேண்டாம். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்த பிறகே தூக்கி எறியுங்கள்.

தூணுக்கும் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாம். கேரளத்து வள்ளங்களுக்குத் தலைமுறைகளாகப் பூசுவது அது. தோலில் பட்டால் கொப்புளம் போடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஆடு நக்கும் மேல்தளத்துக்கு அது ஆகாது.

எதைப் பூசினாலும் காய்ந்த மரத்தில்தான் பூச வேண்டும். ஈர மரத்தின் மேல் எண்ணெய் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும். நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஆடி, ஆவணியிலும் மாலை நேரத்தில் இடிமழை உண்டு. ஆகவே எண்ணெய்க்குச் சரியான காலம் பங்குனி, சித்திரை. இரண்டாவது பூச்சு, ஆவணியில் நாலு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால்.

அடியில் இருக்கும் எரு

பருவம் தொடங்குமுன் பரணுக்குக் கீழே உள்ள எருவை அள்ளி வெளியேற்றிவிடுங்கள். நனைந்த எருக்குவியல் ராப்பகலாக ஆவியை மேலே அனுப்பும். மழை நாட்களில் சேர்வதன் மேல் உமியோ, காய்ந்த சருகோ தூவிவந்தால் ஈரத்தை உறிஞ்சும், நல்ல மக்கு உரமும் கிடைக்கும். சுண்ணாம்பை எருவின் மேல் தூவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சுண்ணாம்பு பட்டால் எருவிலுள்ள தழைச்சத்து அமோனியாவாகக் கிளம்பிப் போகும். ஆட்டுக்கு மூச்சு முட்டும், நமக்கு உரம் நஷ்டம். எருவை அள்ளியபின் வெறும் தரையில் தூவுவதோடு நிறுத்துங்கள். தூணைச் சுற்றி ஓரடி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

மாதவாரி வேலை

பங்குனி - சித்திரை: தட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்து, இற்றதை மாற்றி, எண்ணெய் பூசுதல்.

ஆவணி - புரட்டாசி: திருப்புளிச் சோதனை. கூரை ஒழுக்கு, தாழ்வாரம் சரிபார்த்தல். அடி எருவை அள்ளுதல். பரணைச் சுற்றி வடிகால் வெட்டுதல்.

ஐப்பசி - கார்த்திகை: தினமும் இடைவெளி சுத்தம். வாரம் ஒருமுறை தூண்களில் கரையான் கோடு பார்த்தல். மழை விட்ட நாளில் இரண்டு தட்டுகள் வெயிலுக்கு.

மார்கழி: மழை குறைந்தாலும் பனி இறங்கும். காலை எட்டு மணிக்குத் தட்டியைச் சுருட்டி மேலே கட்டி, வெயிலையும் காற்றையும் உள்ளே விடுதல்.

தை: மறுபடி திருப்புளிச் சோதனை. எதை மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்தல்.

திருப்புளிச் சோதனை என்பது பெரிய வித்தை இல்லை. கூரான திருப்புளியை எடுத்துக்கொண்டு பரணுக்கு அடியில் போங்கள். ஒவ்வொரு சட்டத்திலும், ரீப்பர் உட்காரும் இடத்தை ஒட்டி அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் திருப்புளியைத் திருப்பித் தள்ளும், நெம்பினால் நீளமான சிம்பாகத் தெறிக்கும். கெட்ட மரம் சத்தமில்லாமல் உள்ளே விடும், நெம்பினால் துண்டு துண்டாக உதிரும். கால் இஞ்ச் உள்ளே போனால் அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டு, கோடையில் மாற்றுங்கள். அதற்கு மேல் போனால் அன்றைக்கே முட்டுக்கட்டை கொடுங்கள், காத்திருக்காதீர்கள். பலகையில் காளான் முளைத்திருந்தால் சோதனையே தேவையில்லை. பூஞ்சை உள்ளே வெகுதூரம் பரவிய பிறகுதான் காளானாக வெளியே தலைகாட்டும்.

இதைப் படிக்கும் நேரம் எந்த மாதமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போனதும், ஒரு திருப்புளியும் சாக்குக்கட்டித் துண்டும் எடுத்துக்கொண்டு பரணுக்கு அடியில் ஒருமுறை குனிந்து போய் வாருங்கள். சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். முதலில் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். சாரலுக்கு ஒதுங்கி உங்கள் ஆடுகள் எல்லாம் அங்கேதான் நிற்கும்.